ஐந்து வருஷ கேரண்டி

காய்கறி வாங்க இழுத்துப்போகும் சக்கரப் பையில் காரின் பழைய பேட்டரியை வைத்துக்கொண்டு மாஸ்டரம்மா தெருவில் இறங்கி நடந்தாள். உருளைக்கிழங்கும் வெங்காயமும் சுமந்து பழகிய பை அது. இந்தக் கனத்துக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து, கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டே பின்னால் வந்தது. எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று, "மாஸ்டருக்கு இப்ப எப்படிங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"இருக்கார்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனாள். நின்றால் அழுகை வந்துவிடும். அழுதால் நேரமாகிவிடும்.

காலையில் வந்த நர்ஸ், மாஸ்டரின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு மகளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். என்ன பேசினாள் என்று மகள் வந்து சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. மகளின் முகமே சொல்லிவிட்டது. இன்றைக்குள் முடிந்துவிடும். அப்படிப்பட்ட நாளில் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாமா? அவளைக் கடைக்கு அனுப்பிவைத்துவிட்டார் மனுஷன்.

விஷயம் இதுதான். கண் விழித்ததும் அவர், "வண்டி சத்தம் ஒரு தடவை கேக்கணும்" என்றார். பல நாளாகச் சரியாகப் பேசாதவர் அதை மட்டும் தெளிவாகச் சொன்னார். படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே கூரைக்குக் கீழே நிற்கும் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை அவர் படுத்ததிலிருந்து யாரும் தொடவில்லை. மெக்கானிக்கை வரவழைத்துப் பார்த்ததில் பேட்டரி வயிறு உப்பிப்போய்க் கிடந்தது. இதற்கு வெளியிலிருந்து கரண்ட் கொடுத்து ஸ்டார்ட் பண்ணினால் வெடித்தாலும் வெடிக்கும் என்றான். "வேற வண்டிலேர்ந்து பழசு ஒண்ணு கழட்டிட்டு வரட்டுமா? இன்னிக்கு ஒரு தடவை சத்தம் வந்தாப் போதும்ல" என்று மெதுவாகத்தான் கேட்டான். மாஸ்டருக்கு நோய் வயிற்றில்தான், காதில் இல்லை.

"பழசு வேணாம். புதுசு. நம்பி ஓட்டற மாதிரி" என்றார். பிறகு கண்ணைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். "நீ போ. உன்னை எவனும் ஏமாத்த முடியாது."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த பாராட்டு இது ஒன்றுதான். அது வரவேண்டிய நேரமா இது என்று அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எதுக்கும்மா, ஒரு நாளைக்காக..." என்று ஆரம்பித்த மகள் பாதியில் வாயை மூடிக்கொண்டாள்.

அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிற பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். நன்றாக ஓட்டினால் பாராட்டவும் மாட்டார். "ம்" என்பார், அவ்வளவுதான். அந்த ஒரு "ம்" கிடைத்தால் லைசென்ஸே கிடைத்த மாதிரி வீட்டுக்குப் போய்ச் சொல்வார்கள். கல்யாணமான புதிதில் மனைவிக்கும் சொல்லித்தரப் பார்த்தார். "நான் சொல்ற வரைக்கும் கிளட்ச்லேர்ந்து காலை எடுக்காதே" என்றார். அவள் எடுத்துவிட்டாள். வண்டி தவளை மாதிரி ஒரு துள்ளுத் துள்ளி நின்றது. அவர் கத்தினார். அவள் கதவைத் திறந்து இறங்கி, வெயிலில் வீடுவரை நடந்தே வந்துவிட்டாள். அன்றோடு சரி. ஊருக்கெல்லாம் சொல்லித்தந்தவரின் பெண்டாட்டிக்கு ஓட்டத் தெரியாது என்பது அந்தத் தெருவின் பழைய நகைச்சுவை.

ஓய்வுபெற்ற பிறகு, டிரைவிங் ஸ்கூல் வண்டியில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் இருக்குமே, அதில் காலை வைத்துக்கொண்டே ஆயுசு போய்விட்டது என்றார். பக்கத்தில் யாருக்கும் பிரேக் இல்லாத வண்டி ஒன்று வேண்டும் என்று சொல்லி, இரண்டே பேர் உட்காரும் இந்தக் காரை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தார். அவள் அதற்குச் 'சின்னவ' என்று பெயர் வைத்தாள். "சின்னவளைக் குளிப்பாட்டியாச்சா?" "சின்னவளோட ஊர் சுத்தப் போறீங்களா?" அவர் சிரித்துக்கொள்வார். கூடப் போகும்போதெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை அவள் மிதித்துக்கொண்டே வருவாள். வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்திய பிறகு அவளாகச் சாவியைத் தொட்டாலும், மெக்கானிக் வந்து என்ஜினைப் பார்த்தாலும், உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். "சும்மா உறும விடாதே. போதும், நிறுத்து!"

பேட்டரிக் கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சக்கரப் பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"செத்துப்போச்சேம்மா இது."

"இறங்கிப்போச்சுன்னு சொல்லுங்க" என்றாள் அவள். குரல் கொஞ்சம் சூடாக வந்துவிட்டது.

அவர் அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு, "சரி, இறங்கிப்போச்சு. என்ன வண்டி?" என்றார்.

"செவப்பு வண்டி. ரெண்டு பேர்தான் உக்காரலாம். தரையோட தரையா இருக்கும். ஏறி இறங்கினா முட்டி போயிடும். பேட்டரிகூடப் பின்னால டிக்கிலதான்."

"ஸ்போர்ட்ஸ் காரா!" கடைக்காரர் பையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பை விழுங்கிக்கொண்டு உள்ளே போய் ஒன்றைத் தூக்கிவந்து மேஜைமேல் வைத்தார். "இதைப் போட்டுக்கலாம். ஒரு வருஷ கேரண்டி."

மாஸ்டரம்மா பழையதைப் பார்த்தாள், புதியதைப் பார்த்தாள். முகத்தைக் கொண்டுபோய் இரண்டுக்கும் நடுவில் வைத்துப் பார்த்தாள். "பழசுல பிளஸ் இந்தப் பக்கம் இருக்கு. இதுல அந்தப் பக்கம் இருக்கே."

"ஒயரைக் கொஞ்சம் இழுத்துப் போட்டா வந்துடும்மா."

"வராட்டி? இழுத்த ஒயர் என்னிக்காவது புட்டுக்கிட்டா நடுரோட்டுல நிக்கறது யாரு?"

கடைக்காரர் அதை எடுத்துப்போய், இன்னொன்றைக் கொண்டுவந்தார். பிளஸ் சரியான பக்கத்தில் இருந்தது. உயரமும் சரியாக இருந்தது. அவள் விரலால் மேலே தடவினாள். விரலில் தூசி ஒட்டியது.

"இது எப்ப செஞ்சது?"

"அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்கம்மா."

"பால் பாக்கெட்டுக்கே தேதி பாக்கறவ நான். எங்க எழுதியிருக்கு?"

அவர் ஓரத்தில் பொறித்திருந்த எழுத்தைக் காட்டி, கொஞ்சம் தயங்கி, போன வருஷத்துச் சரக்கு என்று ஒப்புக்கொண்டார். அலமாரியிலேயே இருந்தாலும் பேட்டரிக்கு வயசு ஏறும் என்பதையும், அவள் விட்ட பார்வையில் தானாகவே சொல்லிவிட்டார். அவள் தலையை ஆட்டினாள். தக்காளிக் கடையில் அடியில் இருக்கிற பழத்தை எடுக்கச் சொல்லி ஆட்டுகிற அதே ஆட்டல்தான்.

மூன்றாவது பேட்டரி அட்டைப்பெட்டியைவிட்டு இன்னும் வெளியே வந்திருக்கவில்லை. டிக்கிக்குள் பேட்டரி வைக்கிற வண்டிகளுக்கென்றே செய்தது, ஆசிட் கசியாது, வாடை வராது, தண்ணீர் ஊற்ற வேண்டாம், குளிரிலும் ஒரே பிடியில் பிடிக்கும் என்றார் கடைக்காரர். மீட்டரை வைத்து அழுத்திக் காட்டினார். முள் எழுந்து நின்ற இடத்தில் அசையாமல் நின்றது.

"ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. வண்டியை யார் ஓட்டறா?"

"என் வீட்டுக்காரர்."

"அவரே வந்திருக்கலாமே. பையை நீங்க இழுத்துக்கிட்டு..."

"இன்னிக்கு அவருக்கு முடியாது."

"தினமும் எடுப்பாரா? இல்ல, விக்கற யோசனை ஏதும் இருக்கா? விக்கற வண்டிக்கு இது தேவையில்லம்மா, மொதல்ல காட்டினது மாதிரி ஒண்ணே தாராளம். எத்தனை வருஷத்துக்கு வேணும்னு சொல்லுங்க, அதுக்குத் தக்கன தரேன்."

அந்த ஆள் மேல் தப்பில்லை. வருகிறவர்களிடமெல்லாம் கேட்கிற கேள்வி. ஆனால் அவள் அந்தக் கேள்விக்குத் தயாராக வரவில்லை. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை வருஷம்? சாயங்காலம் வரைக்கும் என்று சொல்வதா? ஒரு தடவை உறுமினால் போதும், அதற்கப்புறம் எப்படிப் போனாலும் பரவாயில்லை என்று சொல்லி, மலிவானதை வாங்கிக்கொண்டு போய் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? அதைத் தூக்கிக்கொண்டு வாசலில் நுழையும்போதே, நீங்க போகப் போறீங்கன்னு எனக்குத் தெரியும் என்று சொன்ன மாதிரி ஆகிவிடாதா? அவளுக்கு அவர் வேண்டும். நாளைக்கும் வேண்டும், அடுத்த மழைக்கும் வேண்டும், முட்டி வலிக்க அந்தத் தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதிக்க வேண்டும்.

"எது ரொம்ப நாளைக்கு வருமோ, அது குடுங்க" என்றாள்.

"இதுதாம்மா. அஞ்சு வருஷ கேரண்டி." அவர் ஒரு அட்டையை எடுத்தார். "யார் பேர்ல போட?"

அவள் புருஷன் பேரைச் சொன்னாள். அவர் எழுதி முடிக்கும்வரை பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைக்காரர் பழையதை வாங்கி வைத்துக்கொண்டு, புதியதைத் தானே பையில் இறக்கிவைத்தார். "வாரத்துக்கு ஒரு தடவையாவது ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. சும்மா கெடந்தா எவ்வளவு நல்ல பேட்டரியா இருந்தாலும் இறங்கிடும்."

"சொல்றேன்" என்றாள்.

திரும்பி வரும் வழியில் அவள் நடந்தாளா ஓடினாளா என்று அவளுக்கே தெரியாது. தெருமுனை திரும்பியதும் வாசலைத்தான் பார்த்தாள். கூட்டம் இல்லை. செருப்புகள் இல்லை. ஜன்னல் திரையை விலக்கிக்கொண்டு மகள் எட்டிப் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் இருந்த கேள்விக்கு, "இருக்கார்மா. பேட்டரி வந்துடுச்சான்னு கேட்டுக்கிட்டே இருக்கார்" என்றாள்.

மெக்கானிக் கூரைக்குக் கீழே தயாராக நின்றான். அவனும் மாஸ்டரிடம் படித்தவன்தான், ரிவர்ஸில் தூணை இடித்து 'தூண்' என்று பேர் வாங்கியவன். பேட்டரியைத் தூக்கிப் பார்த்ததுமே, "நல்ல சரக்குங்கம்மா!" என்றான். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவனாகத் தலையைக் குனிந்து வேலையில் இறங்கினான். டிக்கிக்குள் பேட்டரி அதன் இடத்தில் அச்சாக உட்கார்ந்தது. ஒயர் இழுக்காமலே போய்ச் சேர்ந்தது.

"அம்மா, சாவியை நீயே போடணுமாம். அப்பா சொல்றார்" என்று ஜன்னலிலிருந்து மகள் சொன்னாள்.

"நானா? எனக்கென்னடி தெரியும்?"

மகள் உள்ளே குனிந்து கேட்டுவிட்டு நிமிர்ந்தாள். "அதான் உன்னைச் சொல்றாராம்."

இந்த வண்டியில் ஓட்டுகிறவர் சீட்டில் அவள் உட்கார்ந்ததே இல்லை. குனிந்து, கதவைப் பிடித்து, ஒருவழியாக உள்ளே விழுந்தாள். சீட்டு அவருடைய காலுக்குத் தக்கபடி பின்னால் தள்ளிக் கிடந்தது. அவர் தலை சாய்த்துச் சாய்த்து மழுங்கிய இடத்தில் அவள் கொண்டை இடித்தது. சாவியைப் போட்டுத் திருப்பினாள். விளக்குகள் எரிந்தன. சத்தம் வரவில்லை.

மறுபடி திருப்பினாள். ஒன்றுமில்லை.

தேதி பார்த்து, தூசி பார்த்து, பிளஸ் பார்த்து வாங்கினோமே, ஏமாந்துவிட்டோமா? தூண் டிக்கிக்குள் தலையை விட்டு, "கனெக்‌ஷன் லூசுன்னு நினைக்கிறேன், இருங்க, இருங்க" என்று ஸ்பேனரைத் தேடினான்.

ஜன்னலில் மகளின் குரல் கேட்டது. "அம்மா! கிளட்சை மிதிக்கச் சொல்றார்! கிளட்சு!"

"அட, ஆமா!" தூண் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

அவள் சீட்டில் வழுக்கிக் கீழே இறங்கி, இடது காலை நீட்டித் துழாவினாள். கால் விரல்தான் எட்டியது. இன்னும் கொஞ்சம் சறுக்கி, முழுப் பாதத்தையும் வைத்து அடிவரை மிதித்தாள். சாவியைத் திருப்பினாள்.

ஒரே பிடி. என்ஜின் உறுமிக்கொண்டு எழுந்தது. சீட்டு, ஸ்டியரிங், அவள் கை வளையல் எல்லாம் சேர்ந்து அதிர்ந்தன. கூரைத் தகரம்கூட லேசாக ஒலித்தது. தூண் கையைத் தட்டினான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, இந்தச் சின்னவளுக்கு எவ்வளவு வாய் பார் என்று நினைத்துக்கொண்டாள்.

இனி அவர் கத்துவார். 'சும்மா உறும விடாதே' என்று மகளிடம் சொல்லி அனுப்புவார். அவள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். என்ஜின் சத்தம் மெல்ல இறங்கி, சீராகி, ஒரே மாதிரி ஓட ஆரம்பித்தது. ஜன்னலில் யாரும் இல்லை. திரை மட்டும் பாதி விலகி இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மகள் வாசலில் வந்து நின்றாள். நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வண்டி பிடிச்சதும் 'ம்'னார்மா" என்றாள். "அதோட சரி."

தூண் கையிலிருந்த ஸ்பேனரை ஓசைப்படாமல் கீழே வைத்தான். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "நிறுத்திடட்டுங்களாம்மா?" என்று சாவியை நோக்கிக் கையை நீட்டினான்.

"நிறுத்தச் சொன்னாரா?" என்று மகளைப் பார்த்துக் கேட்டாள் மாஸ்டரம்மா.

மகள் இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்ப இருக்கட்டும்."

மகள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எதிர்வீட்டுக்காரி வெளியே வந்து பார்த்தாள். வண்டி ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டரம்மாவின் இடது கால் தொடையிலிருந்து நடுங்க ஆரம்பித்தது. கிளட்சிலிருந்து காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.