வஞ்சிரத்துக்கு வைத்த கம்மல்

தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்ற ஞானம்மாளின் முடிச்சூர் வீட்டில் சுவர் இருந்தது; ஆனால் கண்ணில் படாது. தரையிலிருந்து கூரை வரை தினக் காலண்டரில் கிழித்த தாள்கள், கட்டுக்கட்டாக. 1969லிருந்து ஒரு நாள் விடவில்லை. ஒவ்வொரு தாளின் பின்னாலும் அன்றைய வஞ்சிரத்தின் விலை. அவள் வீட்டுப் பூனை விலை மலிந்த வருடங்களின் மேல் மட்டுமே படுக்கும். அவளிடம் வாடிக்கையாக மீன் வாங்கும் நான் 1977ன் புயல் தாளை மோந்து பார்த்தேன். மூன்று நாள் சளி.

1990ல், தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு, கோவளத்து ஓட்டைப் படகுக்காரன் மாரியிடம் அச்சாரம் பேசினாள். தீபாவளிக் காலையில் அவன் கொண்டுவரும் வஞ்சிரம் முழுவதையும் கிலோ முப்பது ரூபாய்க்கு எடுத்துக்கொள்ளலாம். எடுத்தால் அச்சாரம் திரும்பி வரும். வேண்டாமென்றால் அது மாரிக்கே. கம்மலைக் கழற்றி வைத்தாள். அவளிடமிருந்த பொன் அவ்வளவுதான்.

மாரிக்குச் சிரிப்பு. தீபாவளிக்கு ஊரே ஆட்டுக்கறி தின்னும், மீன் இருபதைத் தாண்டாது. பத்து வருடமாக அவன் கண்ணால் கண்டது. மனைவி கங்கம்மாவிடம் கம்மலைப் போட்டுப் பார்க்கக்கூடச் சொல்லிவிட்டான்.

பத்து வருடத் தாளும் மாரி பக்கம்தானே பேசுகிறது என்று ஞானம்மாளிடம் சொன்னேன்.

“பத்து வருசம் எதுக்கு சார்? இந்த வருசம் மாதிரி கீற வருசத்தப் பாருங்க.”

அடியிலிருந்து 1971ஐ உருவினாள். அந்த வருடமும் புரட்டாசி விரதம் முடிந்த கையோடே தீபாவளி. முந்தின நாள் நாலு ரூபாய், அன்றைக்கு ஒன்பது. அமாவாசை அதே தேதிக்குத் திரும்பிவரப் பத்தொன்பது வருடம் ஆகுமாம். சர்ச்சுக்குப் போகிறவள், விரதம் அறியாதவள், மீன் விலையை வைத்தே நிலாவின் நடையைப் பிடித்திருந்தாள்.

தீபாவளியன்று ஆறு மணிக்கு மார்க்கெட் காலி. விலை இருபத்திரண்டு. வேண்டாமென்றால் சொல்லிவிடு என்று மாரி மீன்கூடை மேலேயே உட்கார்ந்துகொண்டான். ஞானம்மாள் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

ஏழரைக்கு, ஒரு மாதம் காய்கறி தின்ற ஊர் மொத்தமும் சேர்ந்தாற்போல் வந்தது. எட்டுக்குக் கறிக்கடையில் எலும்புகூட இல்லை. மீனுக்கு நின்ற வரிசை தண்டவாளத்தைத் தாண்டியதால் ரயில் நின்றது. டிரைவரும் இறங்கி அரைக்கிலோ வாங்கினார். வஞ்சிரம் எழுபது.

விற்ற காசிலேயே மாரிக்கு முப்பது முப்பதாகக் கொடுத்து முடித்தாள். அவன் மடியிலிருந்து கம்மலை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான், பிரசாதம் மாதிரி.

“யக்கா, அடுத்தது எப்போ?”

செதில் கையை முந்தானையில் துடைத்துக் கம்மலைத் திருகிக்கொண்டே சொன்னாள்:

“ரெண்டாயிரத்து ஒம்பது. அதுக்குள்ள படகு ஓட்டையை அடை.”