மச்சான் சொன்ன பொய்

நான்காவது தூண்டில் கம்பியைச் சுருட்டி ஏற்றியபோதும் மூன்று சால்மன் மீன்கள் மாட்டியிருந்தன. வெர்னா தூண்டிலோடு அவற்றைத் தளத்தில் இழுத்துப் போட்டாள். புருஷன் ஐனர் சுக்கான் அறைத் தரையில் செத்துக் கிடக்கிறான், இவள் மீன் இழுக்கிறாள். வேறென்ன செய்ய? கம்பிகளை ஏற்றாமல் படகைத் திருப்பினால் அடியில் சுழலும் விசிறியில் சுற்றிக்கொள்ளும். அப்புறம் இரண்டு பேரும் காரிபால்டி துறையைப் பார்க்க முடியாது.

மதியம் ஐனர் காப்பியைக் கீழே வைத்தான். "கொஞ்சம் பிடி" என்று சுக்கானை அவளிடம் விட்டுவிட்டு உட்கார்ந்தான். அவ்வளவுதான். அரைமணி நேரம் அவன் மார்பை அழுத்தி அழுத்தி அவளுக்குக் கை ஓய்ந்ததுதான் மிச்சம்.

கடைசிக் கம்பியும் ஏறியதும் ரேடியோ மைக்கை எடுத்தாள். கடலோரக் காவல்காரர் தன்மையாகத்தான் பேசினார். மீட்புப் படகு வடக்கே வேறொருவருக்காகப் போயிருக்கிறது. மூன்று மணிக்கு விரிகுடாத் தண்ணீர் கடலை நோக்கி இழுக்கத் தொடங்கும், இந்த அலையில் துறைக்குப் போகும் முகத்துவாரத்தை மூடிவிடுவார்கள். ஹெலிகாப்டர் வரும், அவள் மட்டும் ஏறிக்கொள்ளலாம்.

"அவர?"

"அப்புறம் பாக்கலாம்மா. படகு அதுவரைக்கும் தாங்குமான்னு சொல்ல முடியல."

அவனை விட்டுவிட்டு அவளால் ஏற முடியாது. முகத்துவாரத்தை அவள் ஒருமுறைகூடத் தானே ஓட்டித் தாண்டியதில்லை என்பதும் நிஜம்.

"வெர்னா, நாந்தான். நீ பேசுனதெல்லாம் கேட்டுச்சு." ரேடியோவில் அண்ணன் டெல்பர்ட். "பின்னால பாரு."

அலை இறங்கியபோது அரை மைலில் அவன் படகு தெரிந்தது.

"தெக்க இருக்கேன்னு சொன்னியேண்ணே. எப்படி இவ்வளவு பக்கத்துல?"



"காலையில உன் புருஷன் என்கிட்ட என்ன சொன்னான்?"

"இங்க ஒரு மீனும் இல்ல மச்சான், வீணா டீசலக் கொளுத்தாதன்னாரு."

"அதான் வந்தேன். முப்பது வருஷமா அவன் மீன் இல்லன்னு சொன்னா அள்ளுறான்னுதான் அர்த்தம். மொதல்லேர்ந்தே திருட்டுத்தனமா உங்க பின்னாலதான் வந்துட்டிருந்தேன்."

அந்த நிலையிலும் வெர்னாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். ஐனர் மட்டும் நிஜத்தைச் சொல்லியிருந்தால் அண்ணன் நம்பாமல் தெற்கேயே கிடந்திருப்பான். கடவுளே, நல்ல வேளை பொய் சொன்னார் என்று நினைத்தாள்.

டெல்பர்ட் அவளைத் தாண்டி முன்னால் போனான்.

"என் படகையே பாத்துட்டு வா. அலையத் திரும்பிப் பாக்காத, அத நான் பாத்துக்கறேன். நான் சொல்றப்ப மட்டும் வேகம் குடு."

முகத்துவாரத்தில் இருபுறமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது.

"நில்லு. நில்லு. இன்னொண்ணு வருது, போகட்டும். இப்ப வா. முழுசா குடு."

படகு மூக்கைக் குத்திச் சரிந்தது. ஐனர் சுவரோரமாக உருளப் பார்த்தான். கை இரண்டும் சுக்கானில் இருந்ததால் வலது காலை நீட்டி அவன் தோளுக்கு முட்டுக் கொடுத்தாள். அடுத்த அலை பின்புறத்தைத் தூக்கிக் குறுக்கே தள்ளியது.

"இடது பக்கம் திருப்பு. இன்னும். சரி, அப்படியே வா. என் படகுக்குப் பின்னால வர்றத அவன் பாத்தான்னா மானம் போச்சும்பான்."

"சொல்லட்டும்ணே."

பாறைச் சுவரின் முனை கடந்தது. தண்ணீர் பழுப்பாகி அடங்கியது. விரிகுடாவுக்குள் வந்துவிட்டார்கள்.

"அண்ணே."

"ம்."

"அவர வீட்டுக்குக் கொண்டாந்துட்ட. இத எப்பவும் மறக்கமாட்டேன்."

"நான் மீன் திருட வந்தவன், வெர்னா. நன்றிய அவன்கிட்ட சொல்லு."

அவள் மைக்கை மாட்டிவிட்டு, குனிந்து ஐனரைப் பார்த்து நன்றி சொன்னாள்.

படகு இப்போது ஆடவேயில்லை. அவன் உருள வழியில்லை. ஆனாலும் துறை வரும்வரை வெர்னா அவன் தோளிலிருந்து காலை எடுக்கவில்லை.