ஆறு மாடிக்கும் விளக்கு

நாகர்கோவிலில் ரசலையன் கட்டிய ஆறு மாடிக் கண்ணாடிக் கட்டடத்துக்கு மறுநாள் திறப்பு விழா. விடிந்தால் முகப்பு முழுக்கக் கடைகளின் பெயர்ப் பலகை ஏறிவிடும். படம் எடுக்க இந்த ஒரு சாயங்காலம்தான். தக்கலையில் கல்யாணப் படம் எடுத்தே சலித்துப்போன பெமிலாவுக்கு இது முதல் கட்டட வேலை. சொதப்பினால் மறுபடியும் மாப்பிள்ளையைச் சிரிக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதுதான்.

"துபாய்ல ராத்திரி எடுத்த படம் பாத்திருக்கியா மக்ளே? கட்டடம் மட்டும்தான் நிக்கும். அதே மாதிரி வேணும். ஒரு ஆளும் தெரியப்பிடாது," என்றார் ரசலையன். இருபது வருஷம் அங்கே வேலை பார்த்துவிட்டு வந்தவர்.

பொழுது சாய்ந்து வானம் கருநீலமாகும் அந்தக் கொஞ்ச நேரத்தில் எல்லா மாடியிலும் விளக்கு எரிந்தால்தான் படம் படமாகும். ஆனால் அவர் மனைவி சத்தியபாய் ஒரே பிடியாக நின்றாள்.

"போதகர் வந்து ஜெபிக்காம ஒரு சுவிட்சுலயும் கை வைக்கப்பிடாது."

போதகரோ வழியில் நெரிசலில் மாட்டிக்கொண்டார். எதிர்ச்சாரியில் கேமராவோடு காத்திருந்த பெமிலாவுக்கு, நீலம் கரையக் கரைய அழுகை முட்டியது.

ஒருவழியாக அவர் வந்து இறங்கினார். சத்தியபாயும் கொத்தனார்களும் கட்டடத்தைப் பார்த்தபடி வாசலில் கூடினார்கள். ஜெபத்துக்கு நிற்பவர்களை விலகச் சொல்ல முடியுமா? பெமிலா லென்ஸில் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியை மாட்டி ஷட்டரைத் திறந்துவிட்டாள். விளக்கு வந்து கொஞ்ச நேரம் வரை மூடப்போவதில்லை. அவ்வளவு நேரம் திறந்திருந்தால் அசைகிறவர்கள் படத்தில் விழமாட்டார்கள். நம் ஆட்கள் எங்கே சும்மா நிற்கப் போகிறார்கள்!

ஜெபத்தில் அவள் கண் திறந்திருந்தது அன்றுதான் முதல் தடவை. இருண்ட கண்ணாடி மொத்தமும் வானத்தை வாங்கி வைத்திருந்தது. "ஆமென்" என்றதும் வெளிச்சம் மாடி மாடியாக மேலே ஏறியது. பெமிலாவுக்கு உடம்பு சிலிர்த்தது. கல்லும் கம்பியும் இப்படியும் ஆகுமா என்று மலைத்துப்போனாள். வாசலிலும் ஒருவர் நகரவில்லை. அண்ணாந்தபடியே நின்றார்கள்.

ஷட்டரை மூடிப் பார்த்தாள். சாலையின் வண்டிகளெல்லாம் வெறும் சிவப்புக் கோடுகளாகியிருந்தன. அதற்கு அப்பால் ஜொலிக்கும் கட்டடம். அதன் அடியில், முதுகு காட்டி நிற்கும் அத்தனை பேரும் துளி கலங்காமல் விழுந்திருந்தார்கள். வேலை போச்சு என்று நினைத்தாள். ஆனாலும் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

ரசலையன் மூச்சிரைக்க ஓடிவந்து படத்தை உற்றுப் பார்த்தார்.

"நான் எங்க மக்ளே?"

"நீங்க சுவிட்சு போட உள்ள ஓடுனிய. பெறவு பாக்கதுக்கு ரோட்டுக்கு ஓடி வந்திய. ஓடுன ஆளு இதுல விழாது மாமா."

அவர் படத்தில் சத்தியபாயின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் துபாய்ல கெடந்த வருசம் பூரா இவ இப்படித்தான் நின்னிருப்பா," என்றார். "இதையே பெரிசாப் போடு மக்ளே. ஆளுவ இருக்கட்டு."