வள்ளல் வீட்டு மின்விசிறி

கணவனுடைய அண்ணிக்குச் சின்னவள் மனசுக்குள் வைத்திருந்த பெயர் வள்ளல். ஒரே கட்டடத்தில் நான்காம் மாடியில் வள்ளலின் வீடு, முதல் மாடியில் சின்னவளுடையது. மேலே எது கெட்டாலும் அது கீழே வந்து சேரும். மூடி தொலைந்த மிக்ஸி, ஒரு பக்கம் மட்டும் சூடேறும் இஸ்திரிப்பெட்டி, உட்கார்ந்தால் முனகுகிற நாற்காலி. கொடுத்ததோடு விட்டாலாவது பரவாயில்லை. சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டு, "பாவம், அவங்களுக்கு நான்தானே பாத்துப் பாத்துச் செய்யணும்" என்று தண்டோரா போடுவாள். குப்பைத்தொட்டி வரை நடக்கச் சோம்பல்படுகிறவளுக்குப் புண்ணியவதி பட்டம் வேறு.

சின்னவளின் கணவனோ அண்ணி என்றால் உருகுகிறவன். "ஆசையா குடுக்கறாங்க. வேணாம்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்ல முடியுமா?" என்பான். இப்படியே பின்னறை நிரம்பிவிட்டது. பத்தாவது படிக்கும் மகள் கட்டிலில் குப்புறப் படுத்துத்தான் எழுதுகிறாள். அந்த அறையில் அவளுக்கு ஒரு மேசை போட வேண்டும். சின்னவள் அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தது அவ்வளவுதான்.

கட்டடத்தின் கீழே, லிஃப்டுக்குப் பக்கத்தில் ஓர் அலமாரி உண்டு. வேண்டாததை வைக்கலாம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். கணவன் வேலைக்குப் போன நேரம் பார்த்து, ஓடுகிற சாமான்களைத் துடைத்து அங்கே வைத்தாள். ஒன்றுக்கும் ஆகாததைப் பழைய சாமான்காரர் தலையில் கட்டினாள். கழுத்து நிற்காத மின்விசிறி ஒன்று மிச்சம் இருந்தது. காற்று நன்றாக வருகிறதே, ரிப்பேர் தெரிந்தவர் யாராவது எடுக்கட்டும் என்று அதையும் அலமாரியில் வைத்துவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் கணவன் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. வாசலில் வள்ளல், இடுப்பில் அதே மின்விசிறி.

"இந்தா, உனக்குத்தான். கீழ அலமாரியில இருந்துச்சு. எவளோ கொழுப்பெடுத்தவ நல்ல ஃபேனைத் தூக்கி வச்சிருக்கா. வேற யாரும் கை வைக்கறதுக்குள்ள அள்ளிட்டு வந்துட்டேன்."

சின்னவளுக்குப் பகீரென்றது. போன கோடையில் இதைக் கொடுத்ததே இந்த மகராசிதான். அது அவளுக்கு நினைவில்லை. கொடுக்கும்போது ஒரு தடவையாவது பொருளைப் பார்த்திருந்தால்தானே நினைவிருக்கும்.

கணவன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தான். மின்விசிறியின் கழுத்தில் இருந்த பச்சை டேப் அவனே சுற்றியது. மனைவியை முறைத்தான். போச்சு, இனி எல்லாம் திரும்பி வரும், மகள் கட்டிலிலேயே கிடக்க வேண்டியதுதான் என்று அவள் நினைத்தாள். ஆனது ஆகட்டும் என்று வாயைத் திறந்தாள்.

"நல்ல ஃபேன்னா நீங்களே வச்சுக்கலாமேக்கா. உங்க ஹால்ல போடுங்களேன்."

வள்ளல் சிரித்தாள். "எங்க வீட்லயா? இந்தக் குப்பையையா? வர்றவங்க என்ன நினைப்பாங்க? உங்களுக்கு இது போதும்."

கணவனின் முகம் சுருங்கிப் போனது. அந்தப் பச்சை டேப்பைத் தொட்டுக் காட்டினான்.

"அண்ணி, இது நீங்க குடுத்ததுதான்" என்றான். "டேப்பு நான் சுத்தினது. எடுத்துட்டுப் போங்க. லிஃப்ட் வரைக்கும் வேணா நான் தூக்கிட்டு வரேன்."

"ஒண்ணும் வேணாம்" என்று வள்ளல் விறுவிறுவென்று திரும்பி நடந்தாள். அவள் வைத்த ஒவ்வொரு அடிக்கும் மின்விசிறி இடுப்பில் தலையாட்டிக்கொண்டே போனது.

அவன் கதவைச் சாத்தினான். நேராகப் பின்னறைக்குப் போய், காலியாகக் கிடந்த சுவரோரத்தைப் பார்த்தான்.

"மேசை எவ்ளோ நீளம் வேணும்?" என்று கேட்டான்.