இரண்டாக வெட்டிய திரை

ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்த அந்தப் பெண்ணுக்கு ஒரு நாடகத் திரை பெரும் தலைவலியாகிவிட்டது. கடல் தாண்டி வந்து குடியேறிய தமிழர்கள் போட்ட நாடகங்களுக்கெல்லாம் பின்னால் தொங்கிய ஓவியத் திரை அது. நாடகப் பிரதிகள், நோட்டீஸ்கள், கிரீடங்கள் எல்லாம் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தும், திரை மட்டும் பிடிகொடுக்கவில்லை. அதை வரைந்தவர் கண்ணை மூடியதும் அவருடைய மகனும் மகளும் சண்டை பிடித்து, நடுவில் வெட்டி ஆளுக்குப் பாதி கொண்டுபோய்விட்டார்கள். அதோடு பேச்சுவார்த்தையும் நின்றது.

“முதல்ல அவ குடுக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்றார் மெக்கானிக் அண்ணன்.

“அவர் குடுத்துக் கிழிச்சார்!” என்றாள் தையல்காரத் தங்கை.

நடையாய் நடந்து அலுத்துப்போன காப்பகக்காரி கடைசியில் இருவரிடமும் தனித்தனியே, ஒளிக்காமல் சொன்னாள்: “குடுக்க வேண்டாம். ரெண்டையும் சேர்த்து விரிச்சு ஒரு படம் எடுத்துக்கறேன். அவங்களும் வருவாங்க. இஷ்டமிருந்தா வாங்க.”

இருவருமே வந்தார்கள். வாசிப்பறை மேசைகளை ஓரமாகத் தள்ளி, தரையில் வெள்ளைத் துணி பரப்பியிருந்தது. அண்ணன் தன் சுருளைத் தோளிலிருந்து இறக்கினார். தங்கை பையிலிருந்து எடுத்த பாதியில் பூச்சி உருண்டை வாசனை தூக்கலாக அடித்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மெல்ல விரித்தார்கள். அரண்மனைத் தூண்கள், படிக்கட்டு, தாமரைக் குளம். குளத்தின் நடுவே ஓர் அன்னம். வெட்டு சரியாக அதன் கழுத்தில் விழுந்திருந்தது.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. “தலையை நீ கொண்டுபோயிட்ட. இத்தனை வருஷமா நான் முண்டத்தைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன்.”

“எனக்கு மட்டும் என்ன? வெறுந்தலை முழிச்சு முழிச்சுப் பார்க்குது. ராத்திரி பயமா இருக்குன்னு மருமக மூடி வெச்சுட்டா!”

அண்ணனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து இருமினார். தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

படம் எடுத்து முடிந்தது. ‘இனி சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்’ என்று நினைத்தபடி காப்பகக்காரி கேமராவை மூடினாள். அண்ணன் தங்கையிடம், “நீ என்ன சொல்ற?” என்றார்.

“திரும்பவும் பிரிச்சு எடுத்துட்டுப் போக எனக்கு மனசு வரலண்ணா” என்றவள், காப்பகக்காரி பக்கம் திரும்பினாள். “ஊசி நூல் கொண்டு வரட்டுமா? ஒரு மணி நேர வேலை.”

“ஐயோ வேண்டாம்க்கா! ஊசி பட்டா பெயிண்ட் உதிர்ந்துடும். பின்னாடி மெல்லிசா துணி ஒட்டிச் சேர்த்துடலாம். ஆனா வெட்டு தெரியத்தான் செய்யும்.”

“தெரியட்டும்” என்றார் அண்ணன். “அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து வெட்டினதுன்னு எழுதிப் போடுங்க.”

“சேர்ந்தா? கத்திரிக்கோல் பிடிச்சது யாரு?”

“துணியை இழுத்துப் பிடிச்சது யாரு?”

சில மாதங்களில் திரை கண்காட்சிக் கூடத்தில் ஏறியது. வரைந்தவர் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் அன்னத்தின் கழுத்தைக் காட்டி ஏன் என்று கேட்டபோது, அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு கதை சொன்னார்கள். இரண்டு கதையும் ஒத்துப்போகவில்லை. காப்பகக்காரி ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து வந்து, இரண்டையும் பதிவு செய்துகொண்டாள்.