ஸ்பேனர் நுழையாத நட்டுகள்

வயோமிங்கில் மாட்டுப்பண்ணை வைத்திருந்த வெர்னாவின் பிக்கப் வண்டி மண்சாலையில் பஞ்சராகி நின்றது. எந்த வீல் நட்டிலும் வண்டியோடு வந்த ஸ்பேனர் நுழையவில்லை. போன வாரம் வைக்கோல் ஏற்ற வண்டியை இரவல் வாங்கியவன் பக்கத்துப் பண்ணை ஓரின். நல்ல நட்டுகளைக் கழற்றிக்கொண்டு கண்டதையும் மாட்டிவிட்டான் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன் செய்தாள்.

"என் நட்டையெல்லாம் என்னடா பண்ணின? ஸ்பேனரே ஏறல."

"அங்கயே இரு, வர்றேன்."

சுத்தியலும் உளியுமாக வந்து இறங்கினான். சொல்லாமலே உளி கொண்டுவந்திருக்கிறான் என்றால் திருடன் இவனேதான் என்று வெர்னா முடிவுகட்டினாள். ஓரின் ஒரு நட்டின்மேல் உளியை வைத்து அடித்தான். நட்டைப் போர்த்தியிருந்த பளபளத்த மேல்தகடு பிளந்து துருப்பொடி கொட்டியது. துருவேறித்தான் தகடு உப்பியிருக்கிறது. உள்ளே இருந்த அசல் நட்டை, ஓரின் கொண்டுவந்திருந்த ஓர் அளவு சின்ன ஸ்பேனர் கச்சிதமாகப் பிடித்தது.

"உனக்கெப்படித் தெரியும்?"

"என் வண்டியிலயும் இதே கதைதான். போன வருஷம் நீ அதை வாங்கிட்டுப் போனியே, நட்டை உடைச்சுப் பார்க்கிற வரைக்கும் உன்னைத்தான் திருடின்னு நினைச்சிட்டிருந்தேன்."

"அப்பவே கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா, இப்ப நீ முழிக்கிற மாதிரி நான் முழிச்சிருப்பேன்."