பட்டியலின் முதல் கட்டடம்

நிலக்கரியை எதிர்த்துப் பேராசிரியை ஆறு வருடம் பேசினார். ஏழாவது வருடம் அவர் பேசும்போது நிதிக் குழுவில் ஒருவரும் கொட்டாவி விடவில்லை. அப்போதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. பல்கலைக்கழகத்தின் சேமிப்பு நிலக்கரி நிறுவனங்களின் பங்குகளில் கிடந்தது. அதை வெளியே எடுக்க வேண்டும். வெயில் மனிதர்களை எப்படி வீழ்த்துகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. வெயிலை அளக்கவும் அந்த வெயிலுக்கு விறகு போடவும் ஒரே இடத்தில் சம்பளம் என்பது அவருக்குத் தொண்டையில் முள்ளாக இருந்தது.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. வருமானத்தைக் குறைக்கச் சொல்பவரே அந்த ஓட்டையை எதைக் கொண்டு அடைப்பது என்றும் சொல்ல வேண்டும். அதற்காகப் பேராசிரியை வளாகத்தின் எல்லாக் கட்டடங்களின் மின்செலவையும் எடுத்தார். மாணவர்களை அனுப்பவில்லை. தானே குடையைப் பிடித்துக்கொண்டு மீட்டர் மீட்டராகப் போனார். சதுர அடிக்கு எந்தக் கட்டடம் எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று வரிசைப்படுத்தினார். வீணாவதை நிறுத்தினாலே ஓட்டை அடைபட்டுவிடும் என்று எழுதினார். பட்டியலைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார். எண்களில் ஒரு பிழை கிடையாது.

முதலிடத்தில் மருத்துவ நிலையம் இருந்தது.

வளாகத்தில் யாரும் அதை அப்படிச் சொல்வதில்லை. டிஸ்பென்சரி என்பார்கள். பேராசிரியையின் அக்கா அங்கே தலைமை நர்ஸ். வெயிலில் மயங்கி விழுந்த தோட்டக்காரர்களும் துப்புரவு ஆட்களும் விடுதிச் சமையல்காரர்களும் அங்கிருந்த குளிர்ந்த அறையில்தான் படுத்து எழுந்தார்கள். பேராசிரியையின் கட்டுரைகளில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் அக்கா நெற்றியில் ஈரத்துணி போட்ட ஒரு ஆள். ஆனால் பட்டியலைத் தட்டச்சு செய்த அன்று அது சதுர அடியும் யூனிட்டும்தான். வரிசையில் எது மேலே வந்ததோ அதை மேலே வைத்தார்.

எந்தச் செலவையும் வெட்டும் நிதி அலுவலருக்கு முதுகுக்குப் பின்னால் கத்தரி என்று பெயர். முகத்துக்கு நேரே எல்லோரும் சிரிப்பார்கள்.

"மேடம் தீர்மானத்த நான் முழுசா ஆதரிக்கிறேன்," என்றார் கத்தரி, குழுக் கூட்டத்தில். "எங்க வேலையையும் அவங்களே பாத்துட்டாங்க. முதல் இடத்துல இருக்கிறத மூடிட்டாப் போதும். கரண்ட், மருந்து, ஆள் சம்பளம். ஓட்டை அடைஞ்சிடும்."

பேராசிரியைக்கு முதலில் புரியவில்லை. கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"நான் எதையும் மூடச் சொல்லலையே. குறைக்கத்தான் சொன்னேன்."

"கேட்டுப் பாத்தோம் மேடம். ஃப்ரிட்ஜ் நின்னா மருந்து கெட்டுடுமாம். ஏசி நின்னா படுத்திருக்கிறவன் போயிடுவானாம். குறைக்க முடியாதாம். முடியாதத வேற என்ன பண்றது?"

"அதுக்குத்தானே அங்க அவ்வளவு கரண்ட் போகுது. எதுக்காகப் போகுதுன்னு பாக்க வேண்டாமா?"

"பட்டியல்ல அதுக்குக் கட்டமே போடலையே மேடம்."

இரண்டு பேர் சிரித்தார்கள். துணைவேந்தர் சிரிக்கவில்லை. அவர் நல்ல மனிதர். கெட்டதை மெதுவாகச் சொல்வார்.

"ரெண்டும் ஒரே தீர்மானம்மா. சேர்த்து எடுத்துக்கலாம், இல்ல சேர்த்து விட்டுடலாம். நீங்க திரும்ப வாங்கிக்கிட்டா ஒருத்தரும் தப்பா நினைக்க மாட்டோம்."

பேராசிரியை ஜன்னலைப் பார்த்தார். நிலக்கரியால் சாகிறவர்கள் ஒரு வளாகத்தில் அடங்குபவர்கள் அல்ல. டிஸ்பென்சரியை அடுத்த வருடம் கேட்டுத் திறந்துகொள்ளலாம். இன்று விட்டால் இந்தக் குழு இன்னொரு முறை இதைத் தொடாது. கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவர் கணக்கு எப்போதும் சரியாகவே இருக்கும்.

தீர்மானத்துக்கு ஆதரவாகக் கையைத் தூக்கினார். முதலில் தூக்கியது அவர்தான்.

கூட்டம் முடிந்து நேரே டிஸ்பென்சரிக்குப் போனார். அதற்குள் எலக்ட்ரீஷியன் வந்து ஏசிகளைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அக்கா படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"வா. எல்லாத்தையும் கழட்டணுமாம். சொன்னான்."

"அக்கா, அவங்க என் விரலாலயே என் கண்ணக் குத்திட்டாங்க."

"உன் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"நான் வேணும்னு பண்ணலக்கா."

"வேணும்னு பண்ணியிருந்தாக்கூட சண்டை போடலாம். இதுக்கு என்னத்த போட?" அக்கா விரிப்பின் மறுமுனையை நீட்டினார். "அந்தப் பக்கம் பிடி."

பேராசிரியை பிடித்தார். இருவரும் மடித்தார்கள்.

"கை தூக்கினியா?"

"தூக்கினேன்."

"எத்தனாவது ஆளா?"

பேராசிரியை விரிப்பின் ஓரத்தை நீவி நேராக்கினார். அக்கா அவர் கையிலிருந்து விரிப்பை வாங்கி மற்றவற்றின் மேல் வைத்தார்.

"சின்ன வயசுலயே நீ அப்படித்தான். டீச்சர் கேள்விய முடிக்கிறதுக்குள்ள கை மேல இருக்கும்."

அக்காவுக்கு முன்கூட்டியே ஓய்வு கொடுத்தார்கள். இருவருக்கும் ஒரே வீடுதான், பேராசிரியையின் குடியிருப்பு. அக்கா சமைத்தார், துவைத்தார், கேட்டதற்குப் பதில் சொன்னார். டிஸ்பென்சரிப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. பேராசிரியை அதைத் திறக்கச் சொல்லி நிதிக் குழுவுக்கு எழுதினார். அந்தச் செலவுக்கு ஈடு காட்டவும் என்று பதில் வந்தது.

அடுத்த கோடை முந்தையதைத் தூக்கிச் சாப்பிட்டது. தார்ச்சாலை செருப்பில் ஒட்டியது. அந்தக் கோடையின் நடுவில் பல்கலைக்கழகம் விழா எடுத்தது. நிலக்கரியைக் கைவிட்டு ஒரு வருடம். அரங்கில் குளிர் சொகுசாக இருந்தது. பேராசிரியைக்கு மேடையில் நடு நாற்காலி.

துணைவேந்தர் திரையைக் காட்டினார். ஒரு கோடு ஆண்டுக்காண்டு ஏறி, கடைசியில் தரையைத் தொட்டது.

"நம்ம வளாகத்துல வெயிலால பாதிக்கப்பட்டவங்க எண்ணிக்கை. போன வருஷம் வரைக்கும் ஏறிக்கிட்டே வந்துச்சு. இந்த வருஷம் பூஜ்யம்."

கைதட்டல் எழுந்தது. அந்தக் கோடு பேராசிரியையுடையது. ஆண்டுதோறும் டிஸ்பென்சரியில் படுத்தவர்களைக் கொண்டு அவர் வரைந்தது. படுக்க இடமில்லை என்றதும் எண்ணுவதற்கும் ஆளில்லாமல் போயிற்று. கடைசிப் புள்ளியை விளம்பரப் பிரிவில் யாரோ வைத்திருந்தார்கள்.

துணைவேந்தர் ஒலிவாங்கியை அவர் பக்கம் திருப்பினார். "சரிதானே மேடம்?"

முன்வரிசையில் கத்தரி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் முதல்முறையாகக் கொஞ்சம் பயம் தெரிந்தது. பேராசிரியை அதைப் பார்த்தார். ஒரு வாக்கியம் போதும். அடுத்த வாரம் அவர் கேட்டிருந்த ஆராய்ச்சி மையத்துக்கான நிதி முடிவாக இருந்தது. மையம் வந்தால் எத்தனையோ செய்யலாம். அதுவும் கணக்குத்தான்.

"பதிவான எண்ணிக்கை அதுதான்," என்றார்.

பொய்யில்லை. 'பதிவான' என்ற சொல்லின் மேல் குரலைச் சற்று அழுத்தினார். கைதட்டலில் அது யார் காதிலும் விழவில்லை.

வீட்டுக்கு நடந்து வந்தபோது வாசலில் அறிமுகமில்லாத செருப்புகள் கிடந்தன. கூடத்தில் பாய் விரித்திருந்தது. மின்விசிறிக்குக் கீழே விழா அரங்கின் புல்வெளிக்குத் தண்ணீர் விடும் தோட்டக்காரர் படுத்திருந்தார். சட்டையைத் திறந்துவிட்டு, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்திருந்தது. அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். சமையலறை வாசலில் இன்னொருவர் சுவரில் சாய்ந்து உப்புத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மூலையில் மடித்த விரிப்புகள் அடுக்கியிருந்தன. வீட்டு விரிப்புகள் அல்ல.

"எத்தனை நாளா அக்கா?"

"கதவச் சாத்து. அனல் வருது."

சாத்தினார். கையில் சால்வையும் கேடயமும் இருந்தன. வைக்க இடம் தேடினார். மேசை முழுவதும் குளுக்கோஸ் பொட்டலங்கள்.

"எனக்குச் சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா எழுதிக்குவ."

தோட்டக்காரர் கண்ணைத் திறந்தார். பேராசிரியையைக் கண்டதும் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார். ஈரத்துணி நழுவி விழுந்தது.

அக்கா அவர் தோளை அமுக்கிப் படுக்க வைத்தார்.

"பேசாம படுங்க. இங்க யாரும் வரல."